பானெட்டில் ஒரு தட்டான்

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து டிரைவரின் மனைவி வாயைத் திறக்கவில்லை. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். குழந்தை தங்காமல் போனது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் அழுது தீர்த்தவள் இந்த முறை ஒரு சொட்டுக்கூட விடவில்லை. பைத்தியம் கியித்தியம் பிடித்துவிடுமோ என்று டிரைவர் பயந்தான்.

தும்பி என்றால் அவளுக்கு உயிர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே இருக்கும் குட்டைக்குக் கிளம்பிவிடுவாள். ஓட்டிப்போவது இவன்தான். உட்காரும்போது இறக்கையை விரித்து வைத்தால் தட்டான், மடித்து வைத்தால் ஊசித்தட்டான் என்று எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "எதுவா இருந்தா என்ன டீச்சர், பறக்குதுல்ல?" என்பான். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே, தெரிந்ததையும் தப்பாகச் சொன்ன நாட்கள் உண்டு.

அன்றைக்கும் குட்டைக்குக் கூட்டிப்போகலாம் என்று விடிந்ததும் தன் காரைத் தேய்க்க ஆரம்பித்தான். கார் என்றால் இவனுக்கு அப்படியொரு கிறுக்கு. கறுப்புக் கார், முகம் பார்த்துத் தலை சீவலாம். வெயில் ஏறும் நேரத்தில் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வந்தாளே, அதுவே பெரிய விஷயம்.

எங்கிருந்தோ ஒரு மஞ்சள் தட்டான் பானெட்டின் மேல் தாழப் பறந்து, வாலால் தட்டித் தட்டி எழும்பியது.

"டீச்சர், இங்க பாரேன்! உன்னைத் தேடி வீட்டுக்கே வந்துடுச்சு. தட்டான்தானே? கரெக்டா சொல்லிட்டேனா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தாள்.

"முட்டை போடுது."

"கார் மேலயா?"

"பளபளன்னு இருக்குல்ல. தண்ணின்னு நெனச்சிடுச்சு."

"அப்புறம் அந்த முட்டை?"

"சூட்டுல காஞ்சிடும்." குனிந்து அதைப் பார்த்தாள். "அது மேல ஒரு தப்பும் இல்லங்க. எல்லாம் சரியாத்தான் பண்ணுது."

டிரைவர் விறுவிறுவென்று குழாயடிக்குப் போய், ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளிவந்து பானெட்டில் அப்பினான். கீறல் விழும். விழட்டும், நாசமாய்ப் போகட்டும்.

தட்டான் காரின் கூரைக்குப் போனது. கூரையிலும் அப்பினான். அது டிக்கிக்குப் போனது.

"ஐயோ, அங்கயும் போகுதே!"

மறுபடி குழாயடிக்கு ஓடினான். அவள் அவனுக்கு முன்னாலேயே அங்கே குந்தியிருந்தாள். அள்ளிய சேறு விரலிடுக்கில் வழிய, தோள் குலுங்க, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். டிக்கியின் மேல் தட்டான் தட்டிக்கொண்டே இருந்தது.