தயாராக இல்லாத எதிராளி

உலக இறகுப்பந்துப் போட்டியின் பதக்கங்களை ஆட்டம் தொடங்கும் முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். யாருக்கு எது என்று கணித்து முடித்த பிறகு அவற்றை அலமாரியில் பூட்டிவைப்பதில் அர்த்தமில்லை. ஆடுவதெல்லாம் பிறகு.

இந்த முறை போட்டி எங்கள் துறைமுக ஊரில். என் அக்கா செலினுக்கு வெள்ளி. கணிப்பாளர் ஞானசிகாமணி சார் மழையில் நனைந்துகொண்டு வந்து, துணிப்பையிலிருந்து அதை எடுத்தார். அக்கா கழுத்தை நீட்டினாள். அம்மா அவருக்குக் காப்பி போட்டாள்.

வெள்ளி என்றால் இறுதி ஆட்டத்தில் தோற்கப் போகிறாள் என்று பொருள். தோற்றவுடன் மைதானத்தில் கைகுலுக்க வேண்டும், சிரிக்க வேண்டும். அழ நேரம் கிடைக்காது. ஆகவே அழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவது வழக்கம். அன்று சாயங்காலமே சித்திகளும் மதினிமார்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவராக அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்காவும் முறையாக அழுதாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அக்காவின் வலது முழங்கால் இதற்கு மேல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதுதான் அவளுடைய கடைசிப் போட்டி. தங்கம் வாங்காமல் கல்யாணப் பேச்சே எடுக்காதீர்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி, இப்போது வீட்டில் யாரும் எடுப்பதும் இல்லை. நானோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். கேட்காமல் எப்படி இருப்பது?

“தங்கம் யாருக்கு சார்?”

“ஆல்வாவுக்கும்மா.”

ஆல்வா வடக்கே பனி பெய்யும் ஒரு நாட்டுக்காரி. நல்ல ஆட்டக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் இறந்துபோயிருந்தாள்.

“அவங்க செத்துட்டாங்களே சார்.”

“ஆமா, பாவம், ஆனியில. நாங்க கணிச்சது சித்திரையில.”

“செத்தவங்க எப்படி ஆடுவாங்க?”

“ஆடுவாங்கன்னு நாங்க சொல்லலையேம்மா. ஜெயிப்பாங்கன்னுதான சொன்னோம்.”

“இது நியாயமா சார்? நீங்களே சொல்லுங்க.”

“நியாயம் எங்க பிரிவுல வராது” என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு.

“ஏட்டி, சும்மா இரி. சார் காப்பி குடிக்காவல்லா” என்றாள் அம்மா.

போட்டி தொடங்கியது. ஆல்வா ஒவ்வொரு சுற்றாக ஜெயித்துக்கொண்டே வந்தாள். அவள் ஜெயித்த விதத்தில் மர்மம் ஏதும் இல்லை. எதிரில் நிற்பவர் தயாராகும் முன் சர்வீஸ் போடக் கூடாது என்பது விதி. ஆல்வா தயாராக இல்லை, இறந்துவிட்டதால். எனவே எதிராளி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆட்டத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது இன்னொரு விதி. காத்திருப்பவருக்கு முதலில் மஞ்சள் அட்டை. பிறகு சிவப்பு அட்டை. ஒவ்வொரு சிவப்புக்கும் ஆல்வாவுக்கு ஒரு புள்ளி. அடுத்த சர்வீஸைப் போட அவள் வராததால் பந்து மறுபடியும் எதிராளி கைக்கே வரும். இப்படி அவள் கால் இறுதியையும் அரை இறுதியையும் தாண்டினாள். பத்திரிகைகள் அவளுடைய பொறுமையைப் பாராட்டி எழுதின.

இறுதி ஆட்டத்தன்றும் மழை விடவில்லை. அரங்கத்தின் தகரக் கூரையில் அது விழும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா பந்தைப் பிடித்தபடி காலியான பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம், பயிற்சியாளர் நாற்காலியில், ஆல்வாவின் அம்மா கம்பளிச் சட்டை போட்டு, மகளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் கேம் முழுவதும் சிவப்பு அட்டைகளிலேயே முடிந்தது. அக்கா வலது காலைத் தரையில் ஊன்றாமல் நிற்பது மேலே பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்குத் தெரிந்தது. ஆடித் தோற்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். நிற்கவைத்தே ஒருத்தியைத் தோற்கடிப்பார்களா?

இறங்கிப் போய் நடுவரிடம் கேட்டேன். நடுவர் எஸ்தர் மேடம் எங்கள் ஊர்ப் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை.

“எதிராளி தயாரா இல்லன்னா அக்கா சர்வீஸ் போட முடியாது. சரியா மேடம்?”

“சரி.”

“போட முடியாதவ எப்படித் தாமதம் பண்ண முடியும்?”

“பந்து அவ கையிலதான இருக்கு?”

“அப்ப தாமதம் பண்றது ஆல்வாதான. அட்டைய அந்தப் பக்கம் காட்டுங்க.”

“காட்டினேன்மா, முதல் சுற்றுல. அவ பாக்கல. பாக்காதவளுக்குக் காட்டினா செல்லாது.”

வேறு வழியில் கேட்டேன்.

“ஆல்வாவுக்குப் பதிலா வேற ஒருத்தர் தயாரா நிக்கலாமா?”

மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “கூடாதுன்னு விதி இல்ல” என்றார்.

என் திட்டம் எளிமையானது. நான் வாழ்நாளில் மட்டையைத் தொட்டதில்லை. அந்தப் பக்கம் போய்த் தயாராக நிற்பேன், அவ்வளவுதான். அக்கா சர்வீஸ் போடுவாள், பந்து விழும், புள்ளி அவளுக்கு. மீதி இரண்டு கேமும் அவளுக்கு. தங்கமும்.

ஆல்வாவின் அம்மா பையைத் திறந்து ஒரு ஜோடி காலணிகளை எடுத்து என் முன் வைத்தார். நான் மாட்டியதும் குனிந்து, பெருவிரல் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இடம் சரியாக இருந்தது. தலையை ஆட்டினார்.

வலைக்கு அந்தப் பக்கம் அக்கா பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

“ஏட்டி பெனிட்டா, மட்டைய இப்படியா பிடிப்ப? என்னமோ தோசை திருப்பப் போற மாதிரி.”

“நீ போடுக்கா, பேசாம.”

அக்கா சர்வீஸ் போட்டாள். என் கை போய் அதை எடுத்தது. பந்து வலையை உரசிக்கொண்டு அவள் பக்கம் விழுந்தது. புள்ளி ஆல்வாவுக்கு.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த முறை கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பந்து முதுகுக்கே வந்து மட்டையில் பட்டுத் திரும்பியது. கண்ணை மூடினேன். நான் அடித்த பந்து கோட்டின் மேலேயே விழுந்ததாகக் கோட்டு நடுவர் கையைக் காட்டினார். மட்டையைக் கீழே போட்டுவிடலாம் என்றால் விரல்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றுடன் வாதாடிப் பார்த்தேன். இதுவரை யாரிடமும் அவ்வளவு கெஞ்சி வாதாடியதில்லை. அவை பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு ஆடத் தொடங்கினாள். அவள் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. மூலைக்கு மூலை ஓடினாள், முழங்காலைத் தரையில் ஊன்றி எழுந்தாள். அவள் எழும் ஒவ்வொரு முறையும் நான் பந்தை அதற்கு எதிர் மூலையில் போட்டேன். எனக்கு இடது பக்கம் பலவீனம் என்று தோன்றியது. அங்கே அடி என்று அவளிடம் கத்தினேன். வாயிலிருந்து வேறு ஏதோ சொற்கள் வந்தன. ஆல்வாவின் அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து அதே போன்ற சொற்களில் ஏதோ பதில் சொன்னார். இடது பக்கத்தைக் கவனி என்றுதான் சொன்னார். கவனித்தேன்.

கடைசிப் பந்து அக்காவின் மட்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. அவள் அதன் பக்கத்திலேயே சிறிது நேரம் படுத்திருந்தாள். பிறகு நொண்டிக்கொண்டு வலைக்கு வந்து கையை நீட்டினாள். வழக்கப்படி அழுகையெல்லாம் முன்பே முடிந்திருந்ததால் முகம் சுத்தமாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி, “வெல் பிளேய்டு” என்றாள். அவள் கை சூடாக இருந்தது. என் கை குளிர்ந்திருந்தது என்பதை அதில்தான் உணர்ந்தேன்.

அவர்களுடைய தேசிய கீதம் ஒலித்தது. எல்லா வரிகளும் எனக்குத் தெரிந்திருந்தன. அம்மா கீழே நின்று, என் பையிலிருந்து எடுத்த கம்பளிச் சட்டை ஒன்றைப் பிரித்துப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டாள். வெளியே மழை, தலையை மூடிக்கொள் என்றாள்.

பக்கத்தில் வெள்ளி வாங்கிய பெண் கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாகப் பார்த்தாள். பிறகு நடுவரிடம் போய் ஏதோ கேட்டாள். கையை இடுப்பளவுக்கு வைத்து, அப்புறம் தோளளவுக்கு உயர்த்திக் காட்டினாள். நடுவர் உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பெண் திரும்பி என்னிடமும் கேட்டாள். எந்த மொழி என்று தெரியவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.