இருபத்துமூன்று நிமிடப் புறா

ஜுபைதா பீவியின் சாம்பல் புறா மேலப்பாளையத்தில் வந்து இறங்கியபோது, அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த சிவசண்முகத்தின் சட்டைப்பைக் கடிகாரத்தில் மணி ஏழு இருபத்துமூன்று.

அவர் மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவாரை இலையின் வியாபாரி. தூத்துக்குடிக்குக் கப்பல் வந்த சேதி தந்தியில் வந்தாலும், சேவகன் ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து தர மத்தியானம் ஆகிவிடும். புறா ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் சேதி கொண்டுவரும் வேலை ஜுபைதாவுக்கு என்று சொல்லியிருந்தார். அவள் தம்பி ஹாஜா முந்தின நாளே மாட்டுவண்டியில் புறாவோடு தூத்துக்குடிக்குப் போயிருந்தான். அதன் காலில் இருந்த சீட்டில், ‘தூத்துக்குடி ஸ்டேஷன், காலை ஏழு’ என்று எழுதியிருந்தான்.

சிவசண்முகம் சீட்டைப் படித்துவிட்டுக் கதவுப்பக்கம் திரும்பினார். அதன் பின்னால்தான் ஜுபைதா நின்றிருந்தாள்.

“முப்பது மைலு. இருபத்துமூணு நிமிசத்துல எந்தப் புறாம்மா வரும்? ஒந்தம்பி பாதி வழியில, வல்லநாட்டுலயே அவுத்து விட்டுட்டான்.”

கழுகுக்குப் பிறந்த புறாவாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு ஆசியா உம்மாள் சுவருக்கு மேலிருந்து சொன்னாள். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். இந்தப் பேச்சு பரவினால் வேலை மட்டும் போகாது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் பிள்ளைகள் ஏமாற்றுக்காரர்கள் என்று ஆகிவிடும்.

சிவசண்முகத்தின் கணக்கில் தப்பில்லை. அதுதான் சங்கடம். காற்று எதிர்க்காத நாளில் அந்தப் புறா மணிக்கு நாற்பத்தைந்து மைல் பறக்கும். நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து வரவே முடியாது. ஹாஜா பொய் எழுத மாட்டான். அப்படியானால் தப்பு நேரத்தில்தான்.

“அண்ணாச்சி, ஒங்க கடியாரத்த எதப் பாத்து வைக்கீய?”

“பள்ளிவாசல் கடியாரத்தப் பாத்து. ஒங்க வாப்பா வச்ச நேரம்தானே.”

“வாப்பா உச்சி நேரத்துல குச்சி நெழலப் பாத்து வைக்காவ. அது நம்மூர்ச் சூரியன். எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே ரயில் நேரம், அது நம்ம நேரத்துக்கு முன்னால ஓடுது. போயிப் பாருங்க, பத்தொம்போதோ இருபதோ நிமிசம் இருக்கும்.”

ஊரில் பலருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. பள்ளிவாசல் கடிகாரத்தை நம்பி ரயிலுக்குப் போனவன் புகையைத்தான் பார்ப்பான். சிவசண்முகம் வண்டி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் உட்காருகிறவர். அவருக்கு இது தெரிய வழியில்லை.

அவர் எழுந்து திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு வண்டியை விடச் சொன்னார். ஜுபைதா புறாவுக்குச் சோளம் வைத்தாள்.

பத்தரை மணிக்குத் திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஆசியா உம்மாளுக்கும் கேட்கும்படி உரக்கப் பேசினார்.

“பத்தொம்போது நிமிசம் வித்தியாசம். புறா வந்தது நாப்பத்திரெண்டு நிமிசத்துல. தம்பி மேல தப்பில்ல.”

பிறகு குரலைத் தாழ்த்தி, திங்கட்கிழமை கப்பலுக்கு ஒரு புறா போதுமா என்று கேட்டார்.

“ரெண்டு அனுப்பணும் அண்ணாச்சி. வழியில வல்லூறு உண்டு.”

சரி என்றார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஜுபைதா கூண்டைத் திறந்து இரண்டாவது புறாவைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.