மறுபக்கம் இல்லாத கேசட்

ஞாயிற்றுக்கிழமை என்றால் டில்லிபாபுவுக்கு மதியம் வரைக்கும் தூக்கம்தான். அன்றைக்கு மட்டும் காலையிலேயே குளித்துவிட்டு, பழைய பனியனால் கம்ப்யூட்டர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டுகிற ஆள் மேஜை துடைக்கிற அழகைப் பார்த்து மகள் ரேகாவுக்கு ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டான். விவரம் தெரிந்து அவள் தன் அம்மாவின் குரலை முதல்முதலாகக் கேட்கப்போகிற நாள் அது.

பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு அம்மா குரலைக் கேட்ட நினைவே இல்லை. ரேகா கைக்குழந்தையாக இருந்தபோது புஷ்பவல்லிக்குக் கழுத்தில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. அப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்ததால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அன்றிலிருந்து அவள் பேசினால் வெறும் காற்றுதான் வரும். மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவாள். எண்ணூர்க் குப்பங்களில் கல்யாணமோ காதுகுத்தோ, ஒரு காலத்தில் மைக் இவள் கைக்கு வராமல் பந்தி தொடங்காது என்றால் ரேகா நம்புவதாக இல்லை.

நம்ப வைக்க ஒரே ஒரு கேசட் மிச்சம் இருந்தது. கல்யாணமான புதிதில் டில்லிபாபு பர்மா பஜாரில் ஒரு ரெக்கார்டிங் மெஷின் வாங்கினான். ஒரே கேசட்டில் நான்கு டிராக்குகளைத் தனித்தனியாகப் பதியலாம். அவனே பாட்டுக் கட்டி, முதல் டிராக்கில் டோலக் வாசித்தான், இரண்டாவதில் கீபோர்டு. மூன்றிலும் நான்கிலும் புஷ்பவல்லி ஒரே பாட்டை இரண்டு தடவை பாடினாள், குரல் கனமாகக் கேட்க வேண்டும் என்று.

தரைத்தள வீடு, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஏறும். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் அந்தக் கேசட்டைத் தன் அண்ணன் பொன்னுரங்கம் வீட்டில் பத்திரமாகக் கொடுத்து வைத்தாள். நல்லதாகப் போயிற்று. ஆபரேஷன் முடிந்த அந்த வருடமே வந்த வெள்ளத்தில் காப்பி போட்ட கேசட்டுகளும், அவள் பாடிய நாலு பாட்டு இருந்த போனும் அழுகிப்போயின. மெஷின் மட்டும் பரணில் இருந்ததால் பிழைத்தது. ஆனால் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தார் மாதிரி இளகிவிட்டது. அந்த அளவு பெல்ட்டைத் தேடி ரிச்சி தெருவில் அவன் ஏறாத கடை இல்லை. போன வாரம்தான் கிடைத்தது.

பொன்னுரங்கம் கேசட்டை லுங்கி மடிப்பில் வைத்துக்கொண்டு, கூடவே ஒரு பை நிறைய இறாலோடு வந்து சேர்ந்தார்.

"இன்னா மாப்ள, என் தங்கச்சி இன்னிக்கு பாடப் போறாளா?"

"பாடுவா மச்சான். குந்து."

புஷ்பவல்லி புதுப்புடவை கட்டிக்கொண்டு, மகளை ஒட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஒரு நேரத்தில் இரண்டு டிராக்குகளைத்தான் ஏற்ற முடியும். முதலில் டோலக்கும் கீபோர்டும். பிறகு கேசட்டை மறுபடி ஓட்டிக் குரல். இரண்டையும் திரையில் ஒன்றாகப் பொருத்திவிட்டால் பாட்டு தயார்.

டோலக் அருமையாக வந்தது. பொன்னுரங்கம் தொடையில் தாளம் போட்டார். டில்லிபாபுவுக்கே பெருமை தாங்கவில்லை, அந்த வயதில் தானா இப்படி வாசித்தோம் என்று. கேசட்டைப் பின்னால் ஓட்டி, வயரை மாற்றிக் குத்தி, பட்டனை அழுத்தினான்.

கீச்சு கீச்சென்று ஏதோ கேட்டது. மனிதக் குரல்தான், ஆனால் எந்த மொழியும் இல்லை. நான்காவது டிராக்கிலும் அதுவே. ஓட்டி ஓட்டிப் பார்த்தான். கேசட் முடியும்வரை அதே கீச்சு.

நாடா திரும்பி ஓடினால் இப்படித்தான் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தைத் தலைகீழாகத் திருப்பி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். ஒரு ஆணின் குரல், மைக்கில், காக்காய்ச் சத்தத்துக்கு நடுவே தெளிவாகப் பேசியது.

"...வீட்டுக்கு ஒருத்தருக்கு நிரந்தர வேலை. கம்பெனி சார்பா நான் உத்தரவாதம் தரேன்..."

பொன்னுரங்கம் துள்ளி எழுந்தார். "டேய், அந்த ஆபீசரு! கம்பெனிக்காரங்க பைப்பு போட வந்தப்போ குப்பத்துல கூட்டம் வச்சானே, அவன்! நான்தான்டா டேப்புல புட்ச்சேன். நாளைக்கு இல்லன்னு சொல்லிட்டா ஆதாரம் வோணும்ல?"

"எதுல புட்ச்ச மச்சான்?"

"இதுலதான். உங்க பாட்டு இருக்குற பக்கத்துல கையே வைக்கல. திருப்பிப் போட்டு, அந்தாண்ட பக்கத்துலதான்..."

மற்ற கேசட் என்றால் அவர் செய்தது சரிதான். பாதி நாடா இந்தப் பக்கத்துக்கு, பாதி அந்தப் பக்கத்துக்கு. இந்த மெஷின் மொத்த நாடாவையும் ஒரே போக்கில், இரட்டை வேகத்தில் எடுத்துக்கொள்ளும். அதில் மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. மூன்றாவது, நான்காவது டிராக் இருந்த இடம்தான் பொன்னுரங்கத்துக்கு மறுபக்கமாகத் தெரிந்திருக்கிறது. இதை டில்லிபாபு யாரிடமும் சொன்னதில்லை. யார் திருப்பிப் போடப் போகிறார்கள்?

பாட்டு இருந்தது கேசட்டின் தொடக்கத்தில். திருப்பிப் போட்டால் அதுவே கடைசி. ஆபீசர் கொஞ்சம் முன்னால் வாயை மூடியிருந்தால்கூடப் பாட்டு தப்பியிருக்கும். மூடவில்லை, நாடா தீரும்வரை வாக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். குப்பத்தில் ஒருவனுக்கும் வேலை வரவில்லை என்பது வேறு விஷயம். ஆதாரத்தையும் யாரும் கேட்கவில்லை. பாழாய்ப்போன மனிதனின் ஒரு வார்த்தைகூட அழியாமல் இருந்ததுதான் டில்லிபாபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சானைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தான்.

"அம்மா எப்போப்பா பாடும்?" என்றாள் ரேகா. அவள் இன்னும் காத்திருந்தாள்.

அவன் சொன்னான். எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. பொன்னுரங்கத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

"மாப்ள, சத்தியமா ஓட்டிப் பாத்துட்டுதான்டா புட்ச்சேன். முழுக்க வெத்தாதான் இருந்திச்சு. கடைசில மட்டும் இன்னாவோ... கொழகொழன்னு, இழுத்து இழுத்து. டேப்பு கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன். அது எந்தங்கச்சின்னு எனக்கு இன்னாடா தெரியும்?"

தலைகீழாக, பாதி வேகத்தில் ஓடினால் அவள் பாட்டு அப்படித்தான் கேட்டிருக்கும். புஷ்பவல்லி எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் டில்லிபாபு நினைத்தான். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காற்றுக் குரலில் கேட்டாள்.

"எப்டிண்ணா இருந்துச்சு?"

"இன்னாது?"

"கேட்டியே. கடசியா நீதானே கேட்ட. எப்டி இருந்துச்சு? புள்ளைக்குப் பாடிக் காட்டு."

ரேகா கட்டிலை விட்டு இறங்கி மாமாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பொன்னுரங்கம் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் கண்ணை மூடி, "ஊ..." என்று மெல்ல இழுத்தார். சரியாக வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"இப்டித்தான்... இல்ல, இன்னும் கொஞ்சம் கீய எறங்கணும்," என்று சொல்லி, மூன்றாவது தடவை தொடங்கியபோது அழுதுவிட்டார்.

ரேகா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.