போடோனி எழுத்தில் ஆஷ்லி

என் மகள் ஆஷ்லிக்கு ஓர் ஆங்கில எழுத்துருதான் உயிர். பெயர் போடோனி. அவிநாசி ரோட்டில் ஒரு டிசைன் ஆபீசில் வேலை பார்த்தாள். நகைக்கடை விளம்பரமோ பத்திரிகை அட்டையோ, தலைப்புக்கு அவளுக்கு அதுதான் வேண்டும். நிற்கிற கோடு தடிமன், படுக்கிற கோடு முடி மாதிரி மெலிசு, ஓரத்தில் சின்னதாக ஒரு பாதம். பெரிதாகப் போட்டால்தான் அதற்கு அழகு, சின்னதாகப் போட்டால் காணாமல் போய்விடும் என்பாள். எனக்கு ஒரு மண்ணும் புரியாது. தலையாட்டுவேன்.

போன மார்ச்சில் பைபாஸில் ஒரு லாரி மோதிச் செத்துப்போனாள். இருபத்தாறு வயது. கடவுள் என்று ஒருவர் இருந்தால் வந்து என்னிடம் பதில் சொல்லட்டும்.

கல்லறைக் கல்லில் போடோனிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவ்வளவு மெலிசுக் கோட்டை ஆழமாக இறக்க முடியாது, மேலாகத்தான் செதுக்கலாம் என்றார் சுந்தராபுரம் கல்லுக்கடைக்காரர். பரவாயில்லை என்றேன். கறுப்புக் கல்லில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளே வந்து எழுதிவிட்டுப் போனது போல இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. காலையிலேயே எல்லாரும் கல்லறைகளைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, மங்கிய பெயர்களுக்குப் புதுப் பெயின்ட் பூசுவார்கள். நான் பூ வாங்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் என் மனைவி அருள்செல்வி பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் வெள்ளைப் பெயின்ட் வாங்கி, ஆஷ்லியின் பெயர்மேல் தடித்தடியாக இழுத்துவிட்டாள். டவுன்பஸ் போர்டு மாதிரி இருந்தது.

அத்தனை பேர் முன்னால் அவளைக் கண்டபடி திட்டினேன். ஆஷ்லியுடையது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதானே, அதையும் கெடுத்துத் தொலைத்தாயே என்றேன். உப்புத்தாள் வாங்கித் தேய்த்தேன். பெயின்ட் போன பிறகும் ஆத்திரம் போகவில்லை, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் மெலிசுக் கோடுகளும் கூடவே போயிருந்தன. எச் எழுத்துக்கு நடுக்கோடு இல்லை, எல் எழுத்துக்குக் கால் இல்லை. வெளுத்த கல்லில் வெறும் குச்சிகள் நின்றன.

அருள்செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கல்லு வெச்ச நாள்ல இருந்து எனக்கு அவ பேரு கண்ணுக்கே தெரியலீங்க. அத்தன மெலிசு. உங்ககிட்ட சொல்லப் பயமுங்க. இன்னைக்குக் காலைலதானுங்க எம்புள்ள பேர நானாப் படிச்சேன்."

நான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் சாமியார் ஒவ்வொரு கல்லிலும் பெயரைப் படித்து, தீர்த்தம் தெளித்து, ஜெபித்துக்கொண்டு வந்தார். எங்கள் பங்குக் கோவிலுக்குப் புதியவர். எங்கள் கல்லைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"யாருங்க இது?" என்று கேட்டார்.