இட்லிப்பூவுக்கு வந்த மஞ்சள்

பெருமாயி தொட்டியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். செடி மண்ணோடு உருவிக்கொண்டு வந்தது. வேரை மூக்கருகே கொண்டுபோனாள். அழுகல் வாடை இல்லை. வேர் வெள்ளையாகவே இருந்தது.

பனமரத்துப்பட்டிச் சாலையோர நர்சரியில் ஆயிரம் இட்லிப்பூத் தொட்டிகள் இரண்டே மாதத்தில் மஞ்சளாகிவிட்டன. பழி, தண்ணீர் விடுகிற ரஞ்சிதா மீது விழுந்தது. அளவு தெரியாமல் ஊற்றி அழுக வைத்துவிட்டாள் என்று முதலாளி தனசேகர் காலையில்தான் அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். கைக்குழந்தைக்காரி. பஸ் ஏறப் போய்விட்டாள்.

அவளோடு அங்கே வேலை செய்யும் பெருமாயி செடியோடு அவர் மேசைக்கே போனாள்.

"அவ ஊத்துனது தப்புன்னா வேரு கறுத்திருக்கோணுமுங்க. எலையப் பாருங்க, நரம்பு பச்சையா இருக்குது, நடுவுலதான் வெளுத்திருக்குது. மண்ணு மேல சுண்ணாம்பாட்டம் பூத்துக் கெடக்குது. ரெண்டு மாசமா ஊத்தற புது போர்த் தண்ணி ஒத்துக்கலீங்க."

"ஆயிரம் அடி எறக்குன போரு. அதக் கொற சொல்றியா?"

"பத்துத் தொட்டிய எங்கிட்ட உடுங்க. கெணத்துத் தண்ணி ஊத்திக் காட்டறேன்."

மழைத் தண்ணீர் தேங்கும் அந்தக் கிணறு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பூத்த மேல்மண்ணைச் சுரண்டிப் போட்டுச் செம்மண் பரப்பினாள். மற்றவர்கள் சோற்றுக்கு உட்காரும்போது குடத்தோடு நடந்தாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்றினாள். இருபத்தைந்தாம் நாள் பத்துத் தொட்டியிலும் துளிர் பச்சையாக விட்டது.

தனசேகர் மண்ணையும் தண்ணீரையும் சேலத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார். போர்த் தண்ணீரின் கார அளவு எட்டரை, இட்லிப்பூவுக்கு ஆகாது என்று எழுதி வந்தது.

"ரஞ்சிதாவ வரச் சொல்லீரட்டுங்களா?"

"சொல்லு, ஆள் வேணுமில்ல. கெணத்துலருந்து பைப்புப் போடறதெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம். ரெண்டு பேருமாக் கெணத்துல சேந்திச் சொமந்து ஊத்துங்க. இனிமே போர்த் தண்ணி ஒரு சொட்டுப் படக் கூடாது."

ஆடி பிறந்தபோது ஆயிரம் தொட்டியும் பூத்து நின்றன. ஏற்காட்டு ஓட்டல்காரர்கள் செடி வாங்கக் காரில் வந்திருந்தார்கள்.

"லேப்ல குடுத்து நாங்களே கண்டுபிடிச்சோமுங்க," என்று தனசேகர் இலையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

தொட்டிகளுக்கு நடுவே ஒற்றையாள் பாதை. அவர்கள் பேசி முடித்து நகரட்டும் என்று, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நிறைகுடங்களோடு பெருமாயி நின்றாள். அவளுக்குப் பின்னால் ரஞ்சிதா.