ஒலிநாடா பாடிய பள்ளி

மாமல்லையின் கற்கோயில்களுக்குத் தெற்கே, நீலக்கடல் ஒருபுறம் ஓயாது முழங்க, மறுபுறம் செய்யூர்க் கழனிகளில் முற்றிய நெற்கதிர் தலைசாய்ந்து நிற்க, இடையே உப்பளப் பாத்திகளில் இளவெயில் படர்ந்து பளபளக்கும் காலைப்பொழுது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. தமிழறிந்த பெரியீர், அவ்வேளையில் அங்கிருந்த சிறு தனியார் பள்ளியின் முற்றத்தில் நூற்றிருபது பிள்ளைகள் வரிசையாய் நின்று வாழ்த்துப் பாடுவர். முன்னின்று பாடுபவள் வேண்டா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி. நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்ததனால் பெற்றோர் இட்ட பெயர் அது. இப்படியும் பெயரிடுவாரோ என்று கேளாதீர், இட்டார்கள்.

அவளுக்குத் திக்குவாய். வருகைப் பதிவில் 'உள்ளேன்' என்னும் ஒரு சொல்லைச் சொல்லப் புகுந்து, முதலெழுத்திலேயே நாச் சிக்கி, முகஞ்சிவந்து, சுற்றிலும் எழும் சிரிப்பில் குன்றி அமர்வாள். ஆயின் பாட்டில் அவளுக்குத் தடையே இல்லை. இதனைக் கண்டுகொண்ட இசையாசிரியை அமிர்தவல்லி, கிழமைக்கு இரண்டு பாடவேளைகளில் அவள் பெயரையும், வாய்பாட்டையும், வீட்டுச் செய்திகளையும் இராகத்தில் இழுத்துச் சொல்லவைத்து, பின் அவ்விராகத்தைச் சிறிது சிறிதாய்க் குறைத்துப் பேச்சாக்கி வந்தாள். பங்குனியில் ஒருநாள் அச்சிறுமி ஓடிவந்து, பாதி பாட்டும் பாதி பேச்சுமாய்ச் சொன்னாள்:

"டீச்சர், நேத்து கடையாண்ட நானே போயி வெல்லம் கேட்டேன். எங்கம்மா அழுதுகினே சிரிச்சாங்க."

அன்று அமிர்தவல்லி அடைந்த மகிழ்ச்சியை நான் எப்படி எழுதுவேன். அம்மகிழ்ச்சி பத்து நாள் நிற்கவில்லை. வரும் ஆண்டு முதல் பாட்டு வகுப்பை நீக்கி, அவ்வேளையைக் கணக்குக்குத் தருவதெனத் தாளாளர் எல்லப்பன் முடிவு செய்திருந்தார். செங்கற்பட்டில் வாழும் அவர், பள்ளிப் பிள்ளைகள் பாடிக் கேட்டதே இல்லை. கேட்டால் மனம் மாறுவார் என்று நம்பிய ஆசிரியை, ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் பெற்று, வேண்டாவை முன்னிறுத்தி, பிசிறின்றி வரும்வரை வாழ்த்தைப் பதினோரு முறை பாடவைத்து, அவ்வொலிநாடாவை அவருக்கு அனுப்பினாள். அந்த நம்பிக்கைதான் அவள் தலையில் மண்ணைப் போட்டது.

தாளாளர் கேட்டார், உருகினார், மறுவாரமே பள்ளிக்கு வந்தார்.

"ரொம்ப நல்லாப் பாடிக்கீறாங்கம்மா. வூட்ல எல்லாரும் குந்திக் கேட்டோம். இனிமே தெனமும் இதையே போட்டுடலாம். பாட்டு வகுப்பு எதுக்கு, வீணா?"

"ஐயா, இது கேக்கறதுக்கு இல்லீங்க. அந்தப் பொண்ணு பேசறதுக்கு."

"பேசறதுக்குத் தமிழ் வகுப்பு கீதேம்மா."

அவர் கொடியவர் அல்லர். நல்லது செய்வதாகவே எண்ணிச் சொன்னார். அதை எண்ணித்தான் எனக்கு வயிறெரிகிறது.

ஆனியில் பள்ளி திறந்தபோது பாட்டு வகுப்பும் இல்லை, அமிர்தவல்லியும் இல்லை. வேப்பமரத்தில் ஒலிபெருக்கி ஏறியிருந்தது. பதிவு கெட்டுவிடாதபடி பிள்ளைகள் வாய்திறவாது நிற்கவேண்டும் என்பது கட்டளை. உடன்பாடிய முதல் வகுப்புக் குழந்தைகளை உதட்டில் விரல் வைத்து அடக்கினர். தன் குரல் மரத்திலிருந்து ஒலிக்க, அதன் கீழே வேண்டா வாய்மூடி நின்றாள். கார்த்திகைக்குள் அவள் நா மீண்டும் பூட்டிக்கொண்டது. வருகைப் பதிவுக்குக் கை தூக்கினாள். அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. பிள்ளைகளுக்கு இசை கற்பிப்பது பிறர் செவிக்கு விருந்தாக என்று எண்ணுவோரே, பள்ளியை அடுத்த சவுக்குத் தோப்புக்குக் காலையில் ஒருமுறை வாருங்கள். தேய்ந்து கரகரத்த அந்த வாழ்த்து இன்றும் அங்குவரை கேட்கிறது. மிலார்ச் சுள்ளி பொறுக்கும் பெண்கள் நிமிர்ந்து, "யாரோ இன்னாமா பாடுது பாரு" என்பார்கள். அவர்களிடையே குனிந்தபடி கட்டுக் கட்டுகிறாள் ஒருத்தி. கூலிக்கு ஆள் எடுக்கும் மேற்பார்வையாளர் அவள் பெயரைக் கேட்பதில்லை. ஊமை என்றே அழைக்கிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.