தட்டு மாறிய கடல்குதிரை

ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது வாத்தியார் ஐயாதுரை நல்ல மனிதராகத்தான் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆய்வகக் கதவைத் திறந்ததும் கெட்டுப்போனார்.

அலமாரியில் பிராணிகளை ஊறவைத்த பாட்டில்கள் இடம் மாறியிருந்தன. மேல்தட்டில் முதுகெலும்பு உள்ளவை, அதற்குக் கீழே நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகள், பிறகு நத்தை வகை, பிறகு நண்டும் பூரானும், கடைசித் தட்டில் புழுக்கள். பதினேழு வருடமாக அவர் கட்டிக் காத்த வரிசை அது. இப்போது வௌவாலின் தோளில் ஆக்டோபஸ் சாய்ந்திருந்தது. பெயர்ச்சீட்டுகளையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். பத்து மணிக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் ஏதாவது ஆறு பாட்டிலை எடுத்து வைப்பார். பிள்ளைகள் அது விலங்குகளில் எந்தத் தொகுதி, ஏன் என்று எழுத வேண்டும்.

"எவம்லே இதத் தொட்டது?" என்று கத்தினார்.

கரஸ்பாண்டன்ட் பாண்டிதுரை சிரித்தபடி வந்தார். "நாந்தான் சார் அடுக்கச் சொன்னேன். இன்னைக்குச் சிறப்பு விருந்தினர் வாராரு. பெருசு பின்னால, சிறுசு முன்னால. அழுக்குச் சீட்டையும் சுரண்டியாச்சு. குரூப் போட்டோ மாதிரி எம்புட்டு லட்சணமா இருக்கு!"

"ஆக்டோபஸுக்கு எலும்பே கிடையாது சார்! அத வௌவாலோட நிக்க வைப்பீங்களா?"

"எல்லாம் செத்ததுதான சார். எங்க நின்னா என்ன?"

ஐயாதுரைக்குக் காது மடல் கொதித்தது. பிறகு அவர் பேசியதில் பாதி, கரஸ்பாண்டன்டிடம் எந்த வாத்தியாரும் பேசக் கூடாதது. மீதி, யாரிடமும் பேசக் கூடாதது. வராந்தாவில் நின்ற மாணவிகள் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். அவர் பாடம் நடத்தும்போது அத்தனை கவனம் இருந்ததில்லை.

அவர்களை உள்ளே அழைத்தார். கையில் கிடைத்த கடல்குதிரை பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இது எந்தத் தொகுதி?"

இருபத்திரண்டு பேரும் பாட்டிலை விட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தார்கள். சத்யப்பிரியா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "சார், இது எந்தத் தட்டுல இருந்துச்சு?"

"ஏட்டி! படிச்சது பிராணியவா, அலமாரியவா?"

"வையாதீங்க சார்," என்றாள் வெங்கடேஸ்வரி. அவளுக்கும் கோபம் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. "மேல்தட்டுன்னா முதுகெலும்பு, கடைசித் தட்டுன்னா புழுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒடஞ்சிரும்னு ஒரு பாட்டிலத் தொட விட்டீங்களா?"

உண்மைதான். பதினேழு வருடத்தில் ஒரு பாட்டில்கூட உடைந்ததில்லை என்று ஆண்டு விழா மேடையிலேயே பெருமை அடித்தவர் அவர். கோபம் அப்படியே அவர் பக்கம் திரும்பியது. தன்னைத் திட்டிக்கொள்ளச் சொல்தான் கிடைக்கவில்லை. நல்ல வசவுகளையெல்லாம் பாண்டிதுரையிடம் செலவழித்திருந்தார்.

"எல்லாத்தையும் எறக்குங்க. தரையில உக்காருங்க. கையில எடுத்துத் திருப்பிப் பாருங்க."

"ஐயையோ சார், ஒடஞ்சா?" என்று பதறினார் பாண்டிதுரை.

"ஒடையட்டும்! நீங்க வெளிய போங்க!"

கடல்குதிரையை வைத்தே சண்டை மூண்டது.

"வாலு சுருண்டிருக்கு. புழுதான்டி."

"புழுவுக்கு ஏதுடி துடுப்பு? முதுகுல பாரு, விசிறி மாதிரி."

"தலைக்குப் பின்னால ஓட்டை இருக்கு. செவுளா சார்?"

"என்னயக் கேக்காத. நீ என்ன நினைக்க?"

"அப்ப மீனு. மீனுன்னா முதுகெலும்பு."

பத்து மணிக்குள் பாதிதான் பார்க்க முடிந்தது. தேர்வாளர் வந்து தரையிலிருந்தே ஆறு பாட்டிலைப் பொறுக்கினார். சத்யப்பிரியா முன்னால் நட்சத்திர மீன் வந்தது. காலையில் அது அவள் கைக்கு வராத பாட்டில்.

வாசலில் பாண்டிதுரை. "சார், விருந்தினர் வந்துட்டாரு. அலமாரி காலியா கெடக்கே!"

"கெடக்கட்டும். செத்த நேரம் வாய மூடுங்க. பரீட்சை நடக்கு."

சத்யப்பிரியா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் சுற்றினாள். தலையைத் தேடினாள். இல்லை. கைகளை எண்ணினாள். தோலில் முள் போன்ற சொரசொரப்பைக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தாள். ஈரக் கையில் பாட்டில் வழுக்கியது. ஐயாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் பேனாவை எடுத்துத் தொகுதியை எழுதினாள்: முட்தோலி.